அப்பாவின் கணக்கில் கிடந்த பணம்: கூடலூரில் கேட்டது, குன்னூரில் கிடைத்த பதில்

பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், உரியவர் எப்போது வந்து கேட்டாலும் வங்கி அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். கேட்கப் போனால் என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது. கூடலூர், பந்தலூர் பக்கத்தில் பழைய பாஸ்புத்தகம் கிடக்கும் தகரப்பெட்டிகள் நிறைய இருக்கின்றன. தோட்டம் மாறி, ஊர் மாறி வந்த குடும்பங்கள் அல்லவா நாம்? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்கு அது. 2006இல் பந்தலூருக்கு வந்த பிறகு அதில் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. நாமினி பெயரும் கொடுக்கவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மா அந்தப் புத்தகத்தை ரேஷன் அட்டையோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்.

முதலில் தேடல். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் முப்பது வங்கிகளின் கோரப்படாத கணக்குகளைத் தேடலாம். செல்பேசி எண்ணைப் பதிந்தால் போதும், கட்டணம் இல்லை. பெயரோடு பான் எண், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறந்த தேதி ஆகியவற்றில் ஒன்றையாவது கேட்கும். தோட்டத் தொழிலாளியிடம் பாஸ்போர்ட்டுக்கும் பான் அட்டைக்கும் எங்கே போவது? பிறந்த தேதியும் ஆளுக்கு ஆள், தாளுக்குத் தாள் மாறும். இவை எதுவும் இல்லாவிட்டால் முகவரியை வைத்துத் தேடலாம். தோட்டத்தின் பெயரையும் குன்னூரையும் போட்டுத் தேடினேன். தலைப்பெழுத்தை முன்னால் போட்டால் வரவில்லை, பின்னால் போட்டாலும் வரவில்லை. தாத்தாவின் பெயரை முழுதாக எழுதி, அதன் பின் அப்பாவின் பெயரை எழுதியதும் வந்தது. உங்களுக்கும் முதல் தேடலில் வராவிட்டால் இல்லை என்று மூடிவிடாதீர்கள். வங்கி இணைப்பையும் மறக்காதீர்கள். 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக்கினார்கள். கையில் சிண்டிகேட் வங்கிப் புத்தகம் இருந்தால் கனரா வங்கியில் தேட வேண்டும்.

தளம் தேடித் தரும், அவ்வளவுதான். அது கொடுக்கும் அடையாள எண்ணை எழுதிக்கொண்டு வங்கிக்குத்தான் போக வேண்டும். போனேன்.

கூடலூரில் அந்த வங்கியின் கிளை இருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் புத்தகத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள்" என்றார். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு நடுவட்டம், பைக்காரா, ஊட்டி என்று மலையைச் சுற்றிக் குன்னூர் போய்ச் சேர்ந்தால், கிளை பழைய இடத்தில் இல்லை. தேடிப் பிடித்து உள்ளே நுழைந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். அதன் பிறகு அங்கிருந்த அதிகாரி சொன்னது: "இதைக் கூடலூரிலேயே கொடுத்திருக்கலாமே, அம்மா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. கோரப்படாத வைப்புத்தொகையை வங்கியின் எந்தக் கிளையிலும் கேட்கலாம், அது உங்கள் வழக்கமான கிளையாக இருக்க வேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கியே விளம்பரம் செய்கிறது. அந்த விளம்பரத்தை அச்செடுத்து, விண்ணப்பத்தோடு சேர்த்துக் குத்தி, மறுபடியும் கூடலூர்க் கவுண்டரில் நீட்டினேன். கூடவே நகல் ஒன்றையும் நீட்டி, "பெற்றுக்கொண்டதாக முத்திரை போட்டுக் கொடுங்கள். வாங்க முடியாது என்றால் அதையாவது எழுதிக் கொடுங்கள்" என்றேன். அவர் எழுந்து மேலாளர் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் முத்திரை இருந்தது. இந்த அலைச்சலில் எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான்.

அடுத்த முட்டுக்கட்டை, வாரிசுக்கான தாள். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழை வைத்தேன். அதைப் பெறுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன், கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்தார், சான்றிதழ் வந்தது. வங்கியிலோ "இது செல்லாது, கோர்ட்டில் வாங்கி வாருங்கள்" என்றார்கள். நீதிமன்றம் தருவது வேறு, வட்டாட்சியர் தருவது வேறு. சிறிய தொகைக்கு நீதிமன்றப் படி ஏறினால் வக்கீல் செலவே பணத்தைத் தின்றுவிடும். இறந்தவர்களின் கணக்குகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட வழிமுறை, நாமினி இல்லாவிட்டாலும் 15 லட்சம் ரூபாய் வரை எளிய முறையில் முடிக்கச் சொல்கிறது. கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம். எங்கள் தொகை அதன் ஓரத்தைக்கூடத் தொடாது. இதையும் எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டுப் பேச்சு அத்தோடு நின்றது.

உண்மையில் நாளைத் தின்றது பெயர்தான். பாஸ்புத்தகத்தில் தாத்தா பெயரோடு நீளமாக, வாக்காளர் அட்டையில் ஒற்றை எழுத்தோடு, இறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்தே இல்லாமல் என்று அப்பா மூன்று ஆட்களாக இருந்தார். எங்களைப் போல இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் இது சகஜம். அங்கே ஒரு மாதிரி எழுதினார்கள், இங்கே வேறு மாதிரி எழுதினார்கள். மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அதற்கும் தயங்கினார்கள். கடைசியில் காப்பாற்றியது, இலங்கையிலிருந்து வந்து இறங்கியபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. அதில் தாத்தா, அப்பா இருவரின் பெயர்களும் ஒரே தாளில் இருந்தன. ஓரம் மடிந்து கிழிந்த அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார்கள். தாயகம் திரும்பியோர் குடும்பத்தில் யாராவது அந்த அட்டையைக் குப்பை என்று நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

திருப்பூரில் இருக்கும் தம்பியின் ஒப்புதல் கடிதம் தபாலில் வந்தது. அவனுக்கு மறுப்பில்லை.

நடுவில் ஒரு தரகர் வந்தார். யாரிடம் கேள்விப்பட்டாரோ, தொகையில் பங்கு கொடுத்தால் "மேலிடத்தில்" முடித்துத் தருவதாகச் சொன்னார். நாளாக ஆகப் பணம் காலாவதியாகிவிடும் என்றும் பயமுறுத்தினார். எல்லை தாண்டி வயநாட்டில் கேரள லாட்டரி விற்கிறார்கள். பரிசு விழுந்தால் 30 நாளுக்குள் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்த பிறகும் நம் ஊரில் அந்தச் சீட்டு ஆசை விடவில்லை, அந்தக் கெடுவைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் விடவில்லை. வங்கிப் பணத்துக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது. இருபது ஆண்டு கழித்துக் கேட்டாலும் அது நம் பணம்தான். தரகருக்குத் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

தாள்கள் எல்லாம் சேர்ந்த பிறகு "மும்பையிலிருந்து ரிசர்வ் வங்கி பணம் அனுப்ப வேண்டும், காத்திருங்கள்" என்று ஒரு சாக்கு. அப்படி இல்லை. வங்கி முதலில் நமக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த நிதியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். தாள்கள் முழுதாக வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் நான் முன்பு சொன்ன 2025 வழிமுறையில் இருக்கிறது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் (14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்). இதை மேலாளரிடம் பணிவாகத்தான் சொன்னேன். பணிவாகச் சொல்வதே அதிகம் பலித்தது.

பணம் அம்மாவின் கணக்குக்கு வந்தது. வெறும் அசல்! வட்டி எங்கே என்றேன். வட்டி உள்ள கணக்கின் பணம் நிதிக்குப் போன பிறகும் தனிவட்டி உண்டு: 2018 ஜூன் முடிய 4 சதவீதம், 2021 மே 10 வரை 3.5, அதன் பிறகு 3. எங்கள் பணம் 2016இல் போயிருந்ததால் மூன்று விகிதமும் பொருந்தும். ஒரு தாளில் கணக்குப் போட்டு எடுத்துப் போனேன். மேலாளர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாளில் மீதி வந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. தபால் நிலையச் சேமிப்பு உத்கம் தளத்தில் வராது, தோட்டத்து வருங்கால வைப்பு நிதியும் வராது. அவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அப்பாவின் பெட்டியில் ஒரு தபால் நிலையப் புத்தகமும் இருக்கிறது. அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், குடும்ப அட்டையின் நகல்களோடு.