வரும் ஐயா என்று சொன்னேன்

"மலையில காடு நிண்டா எங்கட வட்டைக்குத் தண்ணி கூடுதலா வருமா மனே?"

இதுதான் அந்த விவசாயி கேட்டது. வட்டை என்றது அவர்களுடைய வயல்வெளியை. நான் "வரும் ஐயா" என்றேன். சிறுபோக நெற்செய்கைக்கான விவசாயிகள் கூட்டம் முடிந்து எல்லாரும் தேத்தண்ணிக்கு எழும்பிக்கொண்டிருந்த நேரம், யோசிக்க அவகாசம் இருக்கவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது சரியில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

அன்று கூட்டத்தில் காடு காப்பது பற்றிப் பேசி நான் காட்டிய படங்கள் முழுக்க மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியின் முகில் காடு. 2,000 மீற்றருக்கு மேலே, காற்றில் கூனிப்போன மரங்கள், கிளையெல்லாம் பாசி. மழை இல்லாத நாளிலும் மூடுபனி அந்த இலைகளிலும் பாசியிலும் பட்டுத் துளியாகி நிலத்தில் சொட்டும். அதை விளக்கும்போது என் குரலே மாறிவிடும், அந்தக் காட்டின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

ஆனால் அந்தத் தண்ணீர் போவது மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும். அவருடைய வட்டைக்கு வருவதோ பட்டிப்பளை ஆறு. பதுளைப் பக்கத்து மலைகளில் பிறந்து, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, அங்கிருந்து வாய்க்காலில் இறங்குகிற தண்ணீர். நான் காட்டிய மரங்களிலிருந்து ஒரு சொட்டும் அவருக்கு வராது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்து, குளத்து மட்டத்தை விரல்நுனியில் வைத்திருக்கும் மனிதரிடம் இதை மறைத்தேன்.

மறைத்தேனா? எந்த மலைக் காடாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதானே, பெரியதைக் காட்டிச் சிறியதைப் புரியவைப்பதில் என்ன பிழை என்றும் தோன்றுகிறது. ஆனால் அடிப்படையும் ஒன்றில்லை. முகில் காடு மூடுபனியிலிருந்து தண்ணீர் சேர்க்கும். முகில் தங்காத இடத்துக் காடு தானும் குடிக்கும், அதை வெட்டினால் ஆற்றில் மொத்தத் தண்ணீர் கூடுவதும் உண்டு. ஆனால் கூடுகிற தண்ணீர் பெரும்பாலும் மழையோடு மழையாக, மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவரும். பழைய காட்டின் மண் அதை உறிஞ்சி மெதுவாக விடும், குளத்தில் வண்டல் சேருவதையும் குறைக்கும். "தண்ணி கூடுமா எண்டு சொல்லேலாது ஐயா, ஆனா குளம் கெதியில தூராது" என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது போதுமாக இருந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அன்று அது மெலிந்த பதிலாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லவில்லை. அந்தச் சமவெளியிலேயே பல பத்தாண்டுகளாக மரங்கள் நின்ற நிலையில் பட்டுப்போகின்றன, கீனை மரங்கள்தான் அதிகம். வறட்சி என்கிறார்கள், மண் என்கிறார்கள், ஒரே காரணம் என்று முடிவாகவில்லை. வெப்பம் ஏற ஏற முகில் இன்னும் உயரத்தில்தான் கட்டும். மரமும் அதன் பின்னால் ஏற வேண்டுமென்றால் இந்தத் தீவில் ஆக உயரமான பீதுருதாலகாலையே 2,524 மீற்றரோடு முடிகிறது. வேலி போடலாம், வெட்டுகிறவனைத் தடுக்கலாம், முகிலை எப்படிப் பிடித்து வைப்பது? இதைச் சொன்னால் "அப்ப எதுக்குக் காப்பாத்திற?" என்று கேட்பார்களோ என்று பயந்தேன். அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. அந்த மலையில் மட்டும் வாழ்கிற உயிர்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வேறு வீடு இல்லை என்பதே எனக்குப் போதும். ஆனால் வரம்பில் நிற்கிறவரிடம் அதை முதற் காரணமாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவருக்கு அது விளங்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தண்ணீரைப் பற்றிச் சொன்னதைவிட இதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

பெரும்போகக் கூட்டத்துக்குப் போனபோது அவர் முன்வரிசையில் இருந்தார். யாரோ குளத்து மட்டம் பற்றிக் குறைப்பட, எழும்பி, "மலையில காட்டைக் காப்பாத்தினாத் தண்ணி வரும், இந்தத் தம்பி படிச்சவர், அவர்தான் சொன்னவர்" என்று என்னைக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.