சீசரின் கண்கள்

2011இல் புதிதாகத் தொடங்கிய 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' திரைப்பட வரிசையை நான் விடாமல் பார்ப்பதற்கு முதல் காரணம் சீசர்தான். ஆண்டி செர்கிஸின் நடிப்பை அப்படியே பதிவுசெய்து வேட்டா நிறுவனம் கணினியில் உருவாக்கிய சிம்பன்சி. கோபமும் தயக்கமும் அந்தக் கண்களில் சேர்ந்தே தெரியும்.

வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது 2014இல் வந்த இரண்டாவது படம். குரங்குகளின் காட்டிலுள்ள அணையைச் சரிசெய்ய வந்த மனிதர்கள் தங்கள் வேலையைச் செய்யட்டும் என்கிறான் குரங்குகளின் தலைவன் சீசர். மனிதர்களின் ஆய்வுக்கூடத்தில் சித்திரவதைப்பட்ட கோபா என்ற குரங்கு தன் உடம்பிலுள்ள தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, "மனித வேலை" என்கிறான். இரண்டே சொல். வில்லன் பக்க நியாயம் அப்படியே நெஞ்சில் இறங்கிவிடுகிறது.

சரி, குறை இல்லாமல் இல்லை. பெண் பாத்திரங்களை இந்த வரிசை கண்டுகொள்வதே இல்லை. சீசரின் மனைவி கொர்னீலியா நோயில் படுத்திருக்கிறாள், அடுத்த படத்தின் தொடக்கத்தில் கொல்லப்படுகிறாள், அவ்வளவுதான். 2017 படத்தில் ஒரு பனிச்சரிவு வந்து மனிதர்களின் படையையே புதைப்பதும் சௌகரியமான முடிவு.

2024 படம் நீளம். ஆனால் சீசரின் பெயரையே வைத்து ஒரு குரங்கு அரசன் அடிமைகளை வேலை வாங்குவது அருமையான கற்பனை. அப்புறம், ராகா என்ற ஒராங்குட்டானை ஆறு அடித்துக்கொண்டு போனதிலிருந்து படத்தில் கலகலப்பே போய்விட்டது. அடுத்த படத்தில் அவனைக் கட்டாயம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.