பந்துக்குப் போடுகிற பீ

நமது பாடசாலையின் பழைய மாணவர் சங்க மலருக்கு வரும் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும் வேலை சில காலமாக என் தலையில் விழுந்திருக்கிறது. அவற்றில் தவறாமல் வரும் பிழை ஒன்று உண்டு. ‘பிரின்சிபல்’ என்று நமது அதிபரைக் குறிப்பிடுபவர்கள் சொல்லை ஏ, எல் என்று முடிக்காமல் எல், ஈ என்று முடித்துவிடுவார்கள். உடனே அதிபர் ‘கொள்கை’ ஆகிவிடுவார். கணினியும் சிவப்புக் கோடு போடாது, இரண்டும் உள்ள சொற்கள்தானே. ஒவ்வொரு முறை அதைத் திருத்தும்போதும் எங்கள் ஆங்கில மாஸ்டரின் நினைவு வரும். எழுபதுகளில் ஏழாம், எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். பெயர் போட்டு எழுதினால் அவருக்குப் பிடித்திருக்காது, ஆகவே விட்டுவிடுகிறேன்.

அவருடைய பாடம் என்றால் சொல்வதெழுதல்தான். முதலில் பந்தி முழுவதையும் சாதாரண வேகத்தில் வாசிப்பார். அப்போது பேனையைத் தொடக்கூடாது. இரண்டாம் முறை துண்டு துண்டாக. மூன்றாம் முறை தரிப்புக்குறிகளோடு, விட்டதைப் பிடிப்பதற்காக. கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் எப்போதும் வரும்: “சேர், பந்துக்குப் போடுற பீயோ, பேனைக்குப் போடுற பீயோ?” வகுப்பே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். அது நியாயமான கேள்வி என்பார். தமிழில் இரண்டு ஒலிக்கும் எழுத்து ஒன்றுதான், இடத்தைப் பார்த்து நாமே மாற்றி வாசித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை, காதை மட்டும் நம்பி எழுதினால் கவிழ்த்துவிடும் என்பது அவர் கட்சி.

ஏன் அந்த மொழி எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்றாக இருக்கிறது என்று ஒரு மழைநாளில், பாதி வகுப்பு வராதபோது, சொன்னார். காக்ஸ்டன் என்பவர் 1476இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல இறுகத் தொடங்கியது, ஆனால் மக்களின் உச்சரிப்பு அதன் போக்கில் மாறிக்கொண்டே போனது. குதிரைவீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லின் முதலில் நிற்கும் கே ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது, நடுவில் உள்ள ஜீ, எச்சும் ஒலித்தன. ஒலி போய்விட்டது, எழுத்து நிற்கிறது. வேறு சில எழுத்துகள் ஒலித்ததே இல்லை. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் உள்ள பீ, பந்துக்குப் போடுகிற பீ, லத்தீன் மூலத்தைக் காட்டப் படித்தவர்கள் செருகியது. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ இன்னும் மோசம். அதிலுள்ள எஸ், வேறொரு சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்ததால் வந்து ஒட்டிக்கொண்டது. “படிச்சவன் செய்த பிழையை நீ சரியா எழுதவேணும்” என்றார். எனக்கு அது இன்றுவரை அநியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் அவர் தந்த வழிகள் அநியாயமானவை அல்ல. பத்துத் தரம் எழுது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லைப் பார், அடிமட்டத்தால் மூடு, எழுது, அடிமட்டத்தை எடுத்து ஒத்துப்பார். பிழைத்தால் முழுச் சொல்லையும் மறுபடி மூடி எழுதவேண்டும், அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தக்கூடாது. கொப்பியின் கடைசிப் பக்கங்கள் அவரவர் பிழைகளுக்கு. பக்கத்திலிருப்பவனின் பட்டியல் நமக்கு உதவாது. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்பார், மூன்று வாரம் தொடர்ந்து சரியாக எழுதிய சொல்லை நாமே வெட்டலாம். வெட்டுவதில் ஒரு தனிச் சந்தோசம் இருந்தது.

அவருடைய மிகப் பெரிய வித்தை, ஒலிக்காத எழுத்தின் சொந்தக்காரரைத் தேடுவது. ‘சைன்’ என்ற சொல்லில் ஜீ ஏன்? ‘சிக்னேச்சர்’ என்று சொல்லிப்பார், அங்கே அது பேசும். ‘மசில்’ என்பதில் ஒளிந்திருக்கும் சீ ‘மஸ்கியூலர்’ என்பதில் வெளியே வரும். ‘கிராமர்’ ஏ, ஆர் என்று முடிகிறதா, ஈ, ஆர் என்று முடிகிறதா என்று சந்தேகம் வந்தால் ‘கிராமட்டிக்கல்’ தீர்த்துவைக்கும். இரட்டை எழுத்துகளுக்குச் சொல்லை உடைப்பார். ‘அக்கொமடேஷன்’ என்று கரும்பலகையில் எழுதி, வெண்கட்டியால் இரண்டு கோடு போடுவார்: அக், கொம், மொடேஷன். இரண்டு சீயும் இரண்டு எம்மும் தாமாக வந்து நிற்கும். ‘டிஸப்பொயின்ட்’ என்பது டிஸ் என்பதோடு அப்பொயின்ட் சேர்ந்தது, எனவே ஒரு எஸ், இரண்டு பேனைக்குப் போடுகிற பீ. உடைக்க முடியாததைத் தமிழ் மாதிரி வாசிக்கச் சொல்வார். புதன்கிழமையை ‘வெட்-நெஸ்-டே’ என்று வகுப்பே உரத்துக் கத்தும். அடுத்த வகுப்பு மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஐ முன்னே, ஈ பின்னே, சீக்குப் பிறகு மட்டும் மாறும் என்ற பிரபலமான விதியை மட்டும் அவர் மதிக்கவில்லை. ‘வியர்ட்’, கைப்பற்றுவதைக் குறிக்கும் ‘சீஸ்’, உயரத்தைக் குறிக்கும் ‘ஹைட்’ எல்லாம் அதை மீறுகின்றன, ‘சயன்ஸ்’ மறுபக்கத்திலிருந்து மீறுகிறது. இத்தனை பேர் மீறும் சட்டத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்பார்.

லண்டனுக்கு வந்து ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பகுதியில் சேர்ந்தபோது இந்தப் பாடங்கள் சோறு போட்டன என்று சொன்னால் மிகையில்லை. வயிற்றோட்டத்துக்கான ‘டயரியா’ என்ற சொல் அங்கே எல்லோரையும் தடுமாற வைக்கும், பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுபவர்களையும்தான். அதன் நடுவில் வரும் இரண்டு ஆர், ஒரு எச் ‘பாய்தல்’ என்ற பொருள் கொண்ட கிரேக்கத் துண்டு. சளியைக் குறிக்கும் ‘கட்டார்’ என்ற சொல்லிலும் அதே துண்டுதான் ஒழுகுகிறது. அப்புறம் அமெரிக்க நூல்கள் மேசைக்கு வரும்போது ‘டயரியா’ என்ற சொல்லில் ஓ காணாமல் போயிருக்கும். ‘கலர்’ என்பதில் யூ இல்லாததும், ‘சென்டர்’ ஈ, ஆர் என்று முடிவதும் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கர் 1828இல் வெளியிட்ட அகராதியால் நிலைத்தவை. கனடாவில் இருக்கும் நம்மவர்கள் பாடு இன்னும் சிக்கல். அங்கே ‘கலர்’ பிரித்தானிய வழி, வாகன ‘டயர்’ அமெரிக்க வழி.

இப்போது ஊரிலிருந்து வர விரும்பும் பிள்ளைகள் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐயெல்ட்ஸ் பரீட்சைக்காகக் கேட்கிறார்கள். அதன் கேட்டல் பகுதியில் நாற்பது கேள்விகள். விடை காதில் சரியாக விழுந்தும் எழுத்துப் பிழைத்தால் புள்ளி இல்லை. பிரித்தானிய முறை, அமெரிக்க முறை இரண்டையும் ஏற்பார்கள். என் மருமகன் ஒருவனுக்குப் போன மாதம் தொலைபேசியில் அடிமட்ட வித்தையைச் சொன்னேன். “மாமா, அதுக்கு ஆப் இருக்கு” என்றான். சரி, இருக்கட்டும், ஆப் சொல்லைத் தானே திருத்திவிட்டால் உன் கை எதைப் பழகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ‘ரெக்கமண்ட்’ என்பதில் எத்தனை சீ என்று கேட்டான். ரீ என்பதோடு கமண்ட் என்று உடைத்துக் காட்டினேன்: ஒரு சீ, இரண்டு எம். கொப்பி வாங்கியிருக்கிறானாம். கடைசிப் பக்கத்தில் இப்போதைக்கு ஏழு சொற்கள்.