பல் கோணாத கியர்

கியரைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கெட்டிப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் என்றதும் எல்லாரும் கேட்பது, "ஹார்ட்னஸ் எவ்வளவு?" அம்பத்தூரில் ஃபர்னஸ் பக்கத்திலேயே வேலை பார்த்த எனக்கு அது பெரிய கேள்வியாகத் தோன்றியதில்லை. 20 எம்என்சிஆர் 5 என்ற மாங்கனீஸ்-குரோமியம் ஸ்டீலில் 930 டிகிரியில் கார்பன் ஏற்றி, எண்ணெயில் இறக்கி, 180 டிகிரியில் மறுபடி சூடாக்கி டெம்பர் செய்தால் மேற்பரப்பின் ஹார்ட்னஸ் 60 ஹெச்ஆர்சி-யை (ராக்வெல் அளவு) ஒட்டி வந்துவிடும். பல் கோணாமல், துளை ஓவல் ஆகாமல் வருகிறதா? அதில்தான் எங்கள் உயிர் இருக்கிறது.

எண்ணெயில் இறங்கும் கியரை ஆவிப் படலம் சூழும். அது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் விலகாது. விலகிய இடத்தில் எண்ணெய் கொதித்து வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். பக்கத்துப் பல் இன்னும் சிவந்திருக்கும். வேகமாகக் குளிரும் ஸ்டீல், மார்ட்டென்சைட் என்ற கெட்டியான நிலைக்கு மாறும்போது சற்றே பெருகும். பெருக்கம் முன்னே பின்னே நடந்தால் வடிவம் போச்சு. கிரைண்டிங்கில் சரிசெய்யலாமென்றால், மணிக்கணக்கில் கார்பன் ஏற்றி உண்டாக்கிய கெட்டியான மேலடுக்கு அல்லவா கரைகிறது!

வெற்றிடத்தை ஒட்டிய அழுத்தத்தில் கார்பன் ஏற்றும் வேக்குவம் கார்பரைசிங் வந்ததும் இந்தக் கவலை நிறையவே குறைந்தது. சில மில்லிபார் அழுத்தத்தில் அசிட்டிலீனை விட்டு விட்டுச் செலுத்தி, பிறகு 10 முதல் 20 பார் நைட்ரஜனால் குளிர்விப்பார்கள். வாயுவில் ஆவிப் படலம் என்ற பேச்சே இல்லை.

லேபில் மூத்த மெட்டலர்ஜிஸ்ட் ஒருவர், பேக்கலைட்டில் பதித்து பாலிஷ் போட்ட இரண்டு பல் துண்டுகளை நீட்டினார். "தம்பி, ஆசிட் தொடாம முதல்ல பாரு." பழைய முறையில், ஃபர்னஸ் வாயுவில் கார்பன் ஏற்றிய பல்லின் ஓரத்தில், மைக்ராஸ்கோப்பின் கீழ், மெல்லிய கருப்பு வலை. ஃபர்னஸ் வாயுவிலுள்ள ஆக்சிஜன், குரோமியத்தையும் மாங்கனீசையும் உலோகத்தின் நுண் மணிகளுக்கு (கிரெய்ன்) இடையிலான எல்லைகளில் பிடித்துக்கொண்ட தடம். திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் வரும் ஃபட்டீக் விரிசல் பிறக்க வாகான இடம் அது. வேக்குவம் துண்டின் ஓரம் பளிச்சென்று இருந்தது. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த முறையில் முழு நம்பிக்கை வந்தது.

ஆனாலும் தடித்த கியருக்கும் அலாய் குறைந்த ஸ்டீலுக்கும் வாயுவின் வேகம் போதாது. உள்பகுதி மெத்தென்று நின்றுவிடும். அங்கே எண்ணெய்தான். மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றும் நைட்ரைடிங்கில் திடீர்க் குளிர்விப்பே (குவென்ச்) கிடையாது, 500 டிகிரியை ஒட்டியே முடிகிறது, வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் கெட்டியான மேலடுக்கு மெலிசு என்பதால் பெரும் பாரத்துக்கு ஆகாது.

கியர் கோணினால் பழி எங்கள் தலையில்தான் விழும். ஃபோர்ஜிங்குக்குப் பின் அனீலிங் (சூடாக்கி மெதுவாக ஆறவிடுவது) சீராக நடக்காவிட்டாலும், லேத்தில் தேங்கிய அழுத்தம் உள்ளே இருந்தாலும், அதெல்லாம் ஃபர்னஸில்தான் வெளியே வரும். அதனால் புது கியர் வந்தால் டிராயிங்கைப் பிரிக்கும் முன்பே அனீலிங் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிவிடுகிறேன்.