மோடம் விழித்தால் மவுஸ் தூங்கிவிடும்

1998. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். அங்கே டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும்) அறையில் இருந்த விண்டோஸ் 95 கம்ப்யூட்டரில் மவுஸ் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று புகார். இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் புது மவுஸ் மாட்டி, ஓட்டிப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். மூன்றாவது முறை முதலாளி அண்ணாச்சியின் முகமே சரியில்லை. ஆடிப் பதினெட்டுக்கு காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும், டிசைன்கள் மெயிலில் போக வேண்டும்.

அன்றைக்குத்தான் புத்தி வந்து, ஆபரேட்டர் அக்காவிடம், "நீங்க தினமும் செய்ற மாதிரியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நின்றேன். அவர் இன்டர்நெட்டுக்கு டயல் செய்தார். போன் லைன் வழியாக இன்டர்நெட்டை இணைக்கும் மோடம் டயல் டோனை எடுத்ததும் அம்புக்குறி திரை நடுவில் அப்படியே உறைந்தது. முன்பு இரண்டு தடவையும் நான் டயல் செய்து பார்க்கவே இல்லை.

டிவைஸ் மேனேஜரில் கோளாறைக் காட்டும் மஞ்சள் ஆச்சரியக்குறி எதுவும் இல்லை. விண்டோஸைப் பொறுத்தவரை குற்றமே நடக்கவில்லை. ஆனால் மவுஸ் காம் 1 என்ற போர்ட்டில், மோடம் காம் 3-ல். முகவரிகள் வேறு வேறுதான், 3எஃப்8, 3இ8. இன்டரப்ட், அதாவது ப்ராசஸரைக் கூப்பிடும் கம்பியின் எண், மட்டும் இரண்டுக்கும் ஒன்றே: 4. அந்தக் காலத்து மெஷினில் ப்ராசஸரைக் கூப்பிட மொத்தம் 16 இன்டரப்ட் எண்கள் (ஐஆர்க்யூ), அதில் 2-ம் எண் இரண்டாவது இன்டரப்ட் சிப்பை இணைக்கவே போய்விடும். ஐஎஸ்ஏ என்ற அந்தக் கால ஸ்லாட்டில் செருகும் கார்டுகளுக்கு ஒரு எண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரியாது. மோடம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டால், மவுஸ் எவ்வளவு கத்தினாலும் ப்ராசஸருக்குக் கேட்காது.

சரி, மாற்றிவிடலாம் என்று மோடத்தைக் கழற்றி, எண்ணைத் தேர்ந்தெடுக்கும் குட்டிச் செருகியான ஜம்பரை 3-க்கு நகர்த்தினேன். மவுஸ் ஓடியது, நெட்வொர்க் படுத்துவிட்டது. என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு ஏற்கெனவே 3-ல் குடியிருந்தது. 5-க்குப் போனால் அங்கே சவுண்ட் கார்டு. அச்சகத்தில் சவுண்ட் கார்டு எதற்கு என்று கேட்டேன். "பையன் லீவுல கேம் ஆடுவான்" என்றார் அண்ணாச்சி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

10, 11 இரண்டும் காலி. ஆனால் மோடம் எட்டு பிட் கார்டு. 10, 11-க்கான கம்பிகள் ஸ்லாட்டின் கூடுதல் நீட்டிப்பில்தான் இருக்கும், குட்டைக் கார்டுக்கு அது எட்டாது. எனவே நெட்வொர்க் கார்டைத்தான் கிளப்ப வேண்டும். டாஸில் பூட் செய்து, அதன் செட்டப் ஃப்ளாப்பியைப் போட்டு 10-க்கு அனுப்பினேன். போர்டிலேயே இருந்த காம் 2-வும் 3-க்கு உரிமை கொண்டாடும் என்பதால் பயாஸில் அதை அணைத்துவிட்டு, மோடத்தையே காம் 2 ஆக்கினேன். இதற்கிடையில் ஒரு ஜம்பர் கையிலிருந்து நழுவி, அரிசி அளவு கறுப்புத் துணுக்கு, கட்டிங் மெஷின் காகிதக் குப்பைக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் மூன்று பேர் குனிந்து தேடினோம். மொத்த வேலையிலும் அதுதான் கஷ்டம்.

பிசிஐ என்ற புது வகை ஸ்லாட் வந்து எண்களைப் பங்கு போடப் பழகி, அப்புறம் கம்பியே இல்லாமல் செய்தியாக இன்டரப்ட் அனுப்பும் காலமும் வந்துவிட்டது. இன்றைய பையன்களிடம் ஜம்பர் என்றால் சிரிக்கிறார்கள்.

அன்று எந்தக் கார்டுக்கு எந்த எண் என்று ஒரு காலண்டர் தாளின் பின்புறம் எழுதி கேபினெட்டுக்குள் ஒட்டினேன். அக்கா டயல் செய்தார், மெயில் போனது, மவுஸ் ஓடியது. அண்ணாச்சி மேசை டிராயரை இழுத்து, நான் கழற்றிப் போட்ட இரண்டு பழைய மவுஸ்களையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அப்போ இதுக ரெண்டும் நல்ல மவுஸா தம்பி?"

பில் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.