வரைபடத்தில் 4 கிலோமீட்டர் தள்ளி விழுந்த விபத்து

விபத்து நடந்து ஏழாவது வாரம்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. தொடையில் பிளேட் வைத்த காலோடு அயித்தானை (அக்கா வீட்டுக்காரரை) வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தோம். இன்ஷூரன்ஸ் தரப்பில் விசாரிக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். "எஃப்.ஐ.ஆரில் சின்னப் பாலத்துக்கிட்ட விழுந்தார்னு இருக்கு. போலீஸ் ஆன்லைன்ல ஏத்துன முதல் அறிக்கையில பஸ் ஸ்டாப்புக்கு எதிரேன்னு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல 4 கிலோமீட்டர். எது சரி?"

அக்கா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு அறிக்கை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அயித்தான் வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர். நாங்கள் இருப்பது காரைக்குடிப் பக்கம். விபத்து நடந்தது மாவட்ட எல்லையைத் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள். தை மாதம், இரவு ஒன்பது மணிக்கு மேல், புதிதாகப் பேசியிருந்த ஒரு வீட்டுக்காரருக்குக் காட்டிய மாதிரிக் கற்களைப் பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அந்த இடத்தில் சாலை அகலம், பாலம் குறுகல். விளக்கும் கிடையாது, பலகையும் கிடையாது. பின்னால் வந்த கார் பாலத்தின் மேலேயே முந்தப் பார்த்து ஒதுக்கியதில் கைப்பிடிச் சுவரில் மோதி விழுந்துவிட்டார். கார்க்காரர் ஓடிப்போகவில்லை, அவரே 108க்குப் போன் செய்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் போய்விட்டது. எஃப்.ஐ.ஆரும் சிக்கல் இல்லாமல் பதிவானது. நகலையும் காசு வாங்காமல் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவில், இருக்கிறது. யாராவது பணம் கேட்டால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

கோளாறு எஃப்.ஐ.ஆரில் இல்லை, செல்போனில்.

விபத்து நடந்தால் போலீஸ்காரர்கள் இப்போது ஐராட் என்ற செயலியில் பதிவு செய்ய வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி, மத்திய அரசின் தேசியத் தகவல் மையமான என்.ஐ.சி. நடைமுறைப்படுத்தியது. முதலில் கொண்டுவந்த 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வண்டி நம்பரை அடித்தால் உரிமையாளர் பெயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் வாகனப் பதிவேட்டிலிருந்து தானாக வந்துவிடும். ஓட்டுநர் உரிமமும் அப்படித்தான். முன்பெல்லாம் இந்த விவரங்களைத் திரட்ட எவ்வளவு அலைந்தோம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அதன்மேல் இ-டார் என்று விரிவான விபத்து அறிக்கைக்கான பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிப்படி முதல் அறிக்கை 48 மணி நேரத்துக்குள், இடைக்கால அறிக்கை 50 நாளுக்குள், விரிவான அறிக்கை 90 நாளுக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். முதல் அறிக்கையின் நகல் பாதிக்கப்பட்டவருக்கும் வர வேண்டும். எங்களுக்கு வரவில்லை. கேட்க வேண்டும் என்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் வாக்குமூலத்தை ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்ட ஏட்டு, செயலியில் விவரங்களை ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகு அங்கே உட்கார்ந்து அடித்திருக்கிறார். போன் எங்கே இருந்ததோ அந்த இடத்தை விபத்து நடந்த இடமாகச் செயலி எடுத்துக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் விழுந்த அந்தப் புள்ளியை நகர்த்தி வைக்காமல் ஏட்டு அப்படியே அனுப்பிவிட்டார். ஸ்டேஷனுக்கு எதிரே பஸ் ஸ்டாப். அதனால் அறிக்கையில் 'பேருந்து நிறுத்தம் எதிரில்'. அதோடு நிற்கவில்லை. தெருவிளக்கு: உண்டு. சாலை: நேரானது. பகுதி: குடியிருப்பு. அந்தப் பாலத்துக்குப் பொருந்தாத விவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியிருந்தன.

மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனேன். பாராவில் இருந்தவர், "செயலி பார்க்கிற ஏட்டு ஜல்லிக்கட்டு பந்தோபஸ்து போயிருக்கார், நாலு நாள் ஆகும்" என்றார். அந்த மாவட்டத்தில் தை பிறந்தால் மாதக்கணக்கில் ஜல்லிக்கட்டுதான், எனக்கும் தெரியும். ஆனால் ஒரு ஸ்டேஷனில் ஒரே ஒருவருக்குத்தான் செயலி தெரியும் என்பதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஐந்தாம் நாள் போனேன். சர்வர் இல்லை என்றார்கள். மூன்றாம் முறை ஏட்டையாவையே பார்த்துவிட்டேன். "எஃப்.ஐ.ஆரில் சரியா இருக்குல்ல? கோர்ட்டுல அதுதாங்க பேசும். இது கணக்குக்காக ஏத்துறது" என்றார். "ஒருதடவை அனுப்பினா அனுப்பினதுதான். எங்களால தொட முடியாது."

கணக்குக்காக. அந்த ஒரு வார்த்தைதான் என்னை மேலே போக வைத்தது.

அடுத்து ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தச் செயலிக்கு என்.ஐ.சி. சார்பில் ஒரு பொறுப்பாளர் உண்டு என்று வக்கீல் சொன்னதும், நாங்கள் குடியிருக்கிற மாவட்டம் என்று சிவகங்கைக் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறிவிட்டேன். விபத்து நடந்த மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போயின. இழப்பீட்டு வழக்கை நாம் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. போலீஸ் பதிவைத் திருத்துவதற்கு அப்படி இல்லை. இரண்டையும் நான் ஒன்றாக நினைத்துவிட்டேன்.

பிறகு போய்ப் பார்த்த புதுக்கோட்டை மாவட்டப் பொறுப்பாளர் பொறுமையாகக் கேட்டார். விசாரணை அதிகாரி எழுத்தில் கேட்டால் வழி இருக்கிறது, நீங்கள் கேட்டு நான் மாற்ற முடியாது என்றார். அதுவும் நியாயம்தான். வெளியாள் சொல்லி மாற்றுகிற பதிவாக இருந்தால் கார்க்காரர் தரப்பும் வந்து மாற்றச் சொல்லுமே.

திரும்பும் வழியில்தான் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் ஏறினேன். பாலத்துக்குப் பலகை, விளக்கு கேட்டு மனு கொடுக்கத்தான் போனேன். அங்கிருந்த உதவிப் பொறியாளர் விபத்துத் தேதியைக் கேட்டுவிட்டுத் தன் போனைத் திறந்து காட்டினார். "இது எங்களுக்கு வந்திடுச்சே. நான் நேர்ல போய்ப் பார்த்து அறிக்கையும் கொடுத்துட்டேன். பஸ் ஸ்டாப் கிட்ட ரோடு நல்லாத்தானே இருக்கு? லைட் இருக்கு, கோடு போட்டிருக்கு. சாலையில குறை இல்லைன்னு எழுதியிருக்கேன்."

அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஏட்டையா அனுப்பிய அந்தப் புள்ளி நெடுஞ்சாலைத் துறைக்குப் போயிருக்கிறது. உதவிப் பொறியாளர் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார், புள்ளி இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அயித்தான் விழுந்த பாலத்தை யாருமே பார்க்கவில்லை. அவரே இன்னொன்றும் விளக்கினார். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் நடந்திருந்தால்தான் அதை விபத்துக் கரும்புள்ளி என்று எடுத்துத் திருத்தப் பணம் ஒதுக்குவார்களாம். அப்படியானால் எங்கள் அயித்தானின் தொடை எலும்பு பஸ் ஸ்டாப் கணக்கில் போய்விட்டது. பாலத்தின் கணக்கில் ஒன்று குறைந்துவிட்டது. இதற்கு முன்னால் அதே பாலத்தில் விழுந்தவர்களின் புள்ளிகள் எங்கெங்கே கிடக்கின்றனவோ.

அன்றிரவு வக்கீல் சொல்லச் சொல்ல மனு எழுதினோம். ஒன்று ஸ்டேஷனுக்கு, நகல் டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு. எஃப்.ஐ.ஆரில் உள்ள இடத்தையும் முதல் அறிக்கையில் உள்ள இடத்தையும் அடுத்தடுத்து எழுதி, இடையிலுள்ள தூரத்தையும் போட்டு, 'விரிவான அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் நேரில் பார்த்துத் திருத்துக' என்று ஒரே கோரிக்கை. நீட்டி எழுத வேண்டாம் என்றார் வக்கீல். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கினேன். அந்த ரசீது வந்த பிறகுதான் ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி கிடைத்தது.

படங்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விபத்துக்கு மறுநாள் காலை அக்கா மகன் பாலத்துக்குப் போய், இருப்பிடப் பதிவை ஆன் செய்து பத்துப் பதினைந்து படம் எடுத்திருந்தான். அதை அன்றைக்கே ஏட்டையாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியும் இருந்தான். ஆனால் வாட்ஸப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அதற்குள் இருக்கும் இருப்பிட விவரம் உதிர்ந்துவிடும். வெறும் படமாகத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். நல்லவேளை, மூலப் படங்களை அவன் போனிலிருந்து அழிக்கவில்லை. மனுவோடு அவற்றைப் பென்டிரைவில் கொடுத்தோம்.

புதிதாக மாறுதலாகி வந்திருந்த பெண் எஸ்.ஐ. மனுவைப் படித்துவிட்டு, "இடத்தைக் காட்டுறீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏட்டையாவையும் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்துவிட்டார்.

விபத்து நடந்து இரண்டு மாதம் நெருங்கியிருந்தது. அங்கே என்ன மிச்சம் இருக்கப் போகிறது என்று நான் நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். கைப்பிடிச் சுவரில் ஒரு முழ நீளத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்து, வண்டியின் நீலப் பெயின்ட் தீற்றியிருந்தது. எஸ்.ஐ. அதைப் படம் எடுத்துவிட்டுச் சுவரோரம் புல்லை லத்தியால் விலக்கினார். அடியில் மண்ணோடு மண்ணாக ஆத்தங்குடிக் கல்லின் துண்டுகள். ஒரு துண்டில் பாதிப் பூவும் பச்சை இலையும் அப்படியே இருந்தன. கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி வார்க்கிற கல், இரண்டு மாதப் பனியிலும் வெயிலிலும் நிறம் போகவில்லை. அந்த மாதிரிக் கல்லின் இன்னொன்று எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன். "எடுத்துட்டு வாங்க, சேர்த்து வெச்சுப் படம் எடுத்துக்கலாம்" என்றார். ஏட்டையா குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாகக் கவரில் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு போனை எடுத்து, பாலத்தின் நடுவில் நின்று, புள்ளி வந்து நிற்கிற வரை காத்திருந்தார்.

பாதிக்கப்பட்டவர் நிரப்ப வேண்டிய ஆறாம் படிவத்தை எஸ்.ஐ. கையிலேயே கொண்டுவந்திருந்தார். அதை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது. வங்கிக் கணக்கு, வருமானம், சிகிச்சைச் செலவு எல்லாம் கேட்கிறார்கள். கல் பதிக்கிறவருக்குச் சம்பளச் சான்று எங்கே கிடைக்கும்? வேலை கொடுத்த மூன்று வீட்டுக்காரர்களிடம் எழுதி வாங்கினோம், மூவரும் தயங்காமல் கொடுத்தார்கள். அடுத்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்டேஷனில் தருவார்கள் என்று காத்திருக்காமல் முதல் வாரமே இந்தப் படிவத்தைக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலோடு முதல் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். அதில் உள்ள இடத்தை உங்கள் போனிலேயே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். புள்ளி ஆஸ்பத்திரியிலோ ஸ்டேஷன் வாசலிலோ போய் நின்றால் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், எங்களைப் போல ஏழு வாரம் கழித்து அல்ல. ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியிலும் (விபத்துப் பதிவேட்டு நகல்) எங்கே விழுந்தார் என்று எழுதியிருக்கும், அதையும் ஒத்துப் பாருங்கள். தனியாக இழப்பீட்டு மனு போடுவதென்றால் விபத்து நடந்து 6 மாதத்துக்குள் என்று சட்டத்தில் இருப்பதையும் மறந்துவிடாதீர்கள்.

விரிவான அறிக்கை 86ஆம் நாள் தீர்ப்பாயத்துக்குப் போனது. நகலை வாங்கி, அதில் இருந்த எண்களை அக்கா முன்னாலேயே போனில் அடித்தேன். பாலத்தின் மேல் போய் நின்றது. தெருவிளக்கு: இல்லை. அக்கா அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

உதவிப் பொறியாளர் இரண்டாம் முறை வந்து பாலத்தின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். ஒளிரும் பலகை வைக்கப் பரிந்துரை எழுதியிருப்பதாகச் சொன்னார். இன்னும் வைக்கவில்லை. திங்கள்கிழமை போய்க் கேட்கப் போகிறேன்.