மூன்றாம் கேசட் மட்டும் தீர்ந்துபோகும்

என் தாய்மாமா 1986 முதல் 1999 வரை மார்த்தாண்டத்தில் ஒரு கேசட் கம்பெனி நடத்தினார். ஊரார் கம்பெனி என்று சொன்னாலும், கடைத்தெருவில் ஒரு மாடி அறை, ஒரே நேரத்தில் மூன்று பிரதி எடுக்கும் ஓர் இயந்திரம், நாடா உரசிப் போகும் இயந்திரத் தலையைத் துடைக்கப் பஞ்சும் ஸ்பிரிட்டும், அவ்வளவுதான். அவர் வெளியிட்டது வில்லுப்பாட்டு மட்டும். சினிமாப் பாட்டுக்கு உரிமை வாங்கப் பணம் வேண்டும். இசக்கியம்மன் கதையும் சுடலைமாடன் கதையும் யாருக்கும் சொந்தமில்லை, பாடுகிற அண்ணாவியோ பக்கத்து ஊர்க்காரர். பெரிய கம்பெனிகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததுதான் அவருடைய மூலதனம்.

கோயில் கொடைவிழாவில் விடிய விடியப் பாடுகிற கதையை சி-60 நாடாவில், பக்கத்துக்கு முப்பது நிமிடமாக, வெட்டி அடக்குவதுதான் பெரும்பாடு. முதல் இசக்கி கதை மூன்று கேசட்டாக வந்தது. கடைகளில் மூன்றாவது மட்டும் தீர்ந்துபோகும். அம்மன் வந்திறங்கும் இடம் அதில்தான் இருந்தது. பிறந்த கதையும் வளர்ந்த கதையும் அட்டைப்பெட்டியில் தங்கிவிட, மாமா அடுத்த வெளியீட்டிலிருந்து மூன்றையும் ஒரே உறையில் கட்டி விற்றார். அந்த முதல் பதிவை ஒரு வீட்டு அறையில், சன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு, இரவில் செய்தார்கள். அப்படியும் இரண்டாம் கேசட்டின் பி பக்கத்தில், திருவனந்தபுரம் போகிற பேருந்தின் ஹாரன் ஒன்று குடத்தின் ஒலிக்கு நடுவே நுழைந்துவிட்டது. கதையை இடையில் நிறுத்தித் திரும்பப் பாட அண்ணாவி சம்மதிக்கவில்லை. ஹாரன் அப்படியே இருந்துவிட்டது.

பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் வந்த திருத்தத்தின்படி, தயாரித்தவரின் பெயரையும் முகவரியையும், வெளியான ஆண்டையும் கேசட்டின் மேலும் உறையின் மேலும் அச்சிட வேண்டும். மாமா சிவகாசியில் அச்சடித்து அதை ஒழுங்காகச் செய்தார். திருட்டுப் பிரதி போட்டவர்களும் ஒழுங்காகவே செய்தார்கள்: முகவரியோடு சேர்த்து உறையை அச்சு அசலாக எடுத்தார்கள். நாடா சிக்கிய கேசட்டுகளுடன் வந்து எங்கள் மாடிப்படியில் நின்று சண்டை போட்டவர்களில் பாதிப் பேர் வாங்கியது எங்கள் சரக்கே அல்ல.

மாமா திருடர்களைத்தான் கடைசிவரை திட்டினார். ஆனால் அண்ணாவிகளுக்கு அவர் தந்ததும் பதிவன்று ஒரு தொகையும் ஒரு வேட்டியும் மட்டுமே; எத்தனை பிரதி விற்றாலும் அதற்கு மேல் இல்லை. நிகழ்த்துகிற கலைஞருக்குத் தனி உரிமை உண்டு என்று சட்டமே 1994 திருத்தத்தில்தான் சொன்னது என்பதால் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை, என்றாலும் எனக்கு அது உறுத்துகிறது.

அவரைச் சாய்த்தது திருட்டு என்றும் நான் நினைக்கவில்லை. 1997-இல் கேரள எல்லையான களியக்காவிளைக்கு அப்பால் விற்க ஆசைப்பட்டு, மலையாளத்தில் ஐயப்பன் பாட்டுக் கேசட் ஒன்று போட்டார். யேசுதாஸ் 1980-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணி என்ற கேசட் கம்பெனியின் ஐயப்பன் பாட்டுகள் வேரூன்றிய சந்தை அது. கார்த்திகை பிறக்குமுன் கடனுக்குச் சரக்கு போகும், மகரவிளக்கு முடிந்து பணம் வரும் என்பது வழக்கம். அந்தத் தை மாதம் பணத்துக்குப் பதில் பெட்டிகள் திரும்பி வந்தன. பாதி பிரிக்கப்படவே இல்லை. அச்சகத்துக்கும் நாடா வியாபாரிக்கும் நிலத்தை ஒற்றி வைத்துக் கொடுத்தார். நூறு பாட்டுக்கு மேல் அடங்கும் எம்பி3 தட்டுகள் கடைக்கு வந்தபோது இயந்திரத்தை விற்றாகிவிட்டது.

தாய் நாடாக்கள் இரும்புப் பெட்டியில் பூஞ்சை பிடித்தன. சட்டப்படி 1986 பதிவின் உரிமை 2046 முடியும்வரை அவருடையதுதான், ஆனால் போட்டுக் கேட்க அவரிடம் ஒரு பிரதியும் இல்லை. சென்ற மாதம் யாரோ யூடியூபில் ஏற்றியிருந்த ஓர் இசக்கி கதையை அவருக்குப் போட்டுக் காட்டினேன். உறைப்படம் இல்லை, பெயர் இல்லை. இது வேறு யாரோ பாடியது என்று தலையாட்டினார். பிறகு குடத்தின் ஒலிக்கு நடுவே ஹாரன் கேட்டது. "நம்ம பஸ்சுதாம்லே மக்களே" என்று சொல்லி, ஒலியைக் கூட்டச் சொன்னார்.